தவிர்க்க முடியாத காரணங்களினால்…

தவிர்க்க முடியாத காரணங்களினால் நிகழ்ச்சி பிறிதொரு தினத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்பதை மனவருத்தத்துடன் அறியத்தருகிறோம். தமிழ்ப் பத்திரிகைகளில் சில ஆண்டுகளாவது பணியாற்றியவர்கள் இந்த வசனத்தை உறக்கத்திலும் எழுதக்கூடியவர்கள். நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டபோது பாடகரின் படத்துடன் வர்ணத்தில் முழுப்பக்க விளம்பரம் வெளியாகியிருக்கும். ஒத்திவைக்கப்படும்போது உட்பக்கமொன்றின் மூலையில், மரண அறிவித்தல்களுக்கு அருகில், நான்கு வரிகள். காரணம் என்னவென்று அதில் இராது. பிறிதொரு தினம் எதுவென்றும் இராது. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணம் பற்றியோ ஒரு சொல்லும் இராது.

காரணம் சொல்லப்பட்டால் எமது இரசிகர்கள் பொறுத்துக்கொள்ளாதவர்கள் அல்லர். 2023 ஓகஸ்ட் 12 ஆம் திகதி சென்னையில் நடைபெறவிருந்த ஏ.ஆர்.ரஹ்மானின் நிகழ்ச்சி மழையினால் தள்ளிப்போடப்பட்டபோது வானத்தைக் கோபித்துப் பயனில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2010 இல் அமெரிக்கப் பாடகர் ஏகோன் கொழும்புக்கு வருவதற்கு அரசாங்கம் விசா மறுத்தது. அவருடைய பாடற்காட்சி ஒன்றின் பின்னணியில் புத்தர் சிலை காணப்பட்டது என்பதே பிரச்சினை. ஏப்ரல் மாத நிகழ்ச்சி இல்லாமற்போயிற்று. அந்த முடிவு சரியா தவறா என்று வாதிடலாம். ஆனால் பாடகர் வரமுடியாது என்பதை விளங்கிக்கொள்வதற்கு எவருக்கும் சிரமம் இருக்கவில்லை.

2024 ஜனவரியில் கொழும்பில் நடந்ததை நினைத்துப் பார்க்கிறேன். அம்மாதம் 27 ஆம், 28 ஆம் திகதிகளில் இளையராஜாவின் இசை நிகழ்ச்சி ஏற்பாடாகியிருந்தது. இலங்கையில் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த அவருடைய மகள் பவதாரிணி 25 ஆம் திகதி இங்கேயே காலமானார். நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. மலையகத்திலிருந்தும் வடக்கு, கிழக்கிலிருந்தும் கொழும்புக்குப் புறப்படவிருந்தவர்கள், விடுமுறை எடுத்தவர்கள், அறை பதிவுசெய்தவர்கள் என்று பலர் இருந்திருப்பார்கள். அந்த இரண்டு நாட்களும் எங்கும் துக்கமே பேசப்பட்டது. நுழைவுச்சீட்டைப் பற்றி அப்போது பேசுவது அநாகரிகம் என்பதை எவரும் எவருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, இரசிகர்கள் நிலைமை விளங்காமல் கூச்சலிடுகிறார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் வழமையாகச் சொல்லும் குற்றச்சாட்டை நான் ஏற்பதில்லை. நிகழ்ச்சி நின்ற அன்று கோபம் பெரிதாக வருவதில்லை. மூன்று வாரங்களின் பின்னர், தொலைபேசியை எவரும் எடுக்காதபோதுதான் அது வருகிறது. ஏற்பாட்டாளர்கள் ஒரே மூச்சில் கலந்துவிடும் இரண்டு விடயங்கள் இங்கே இருக்கின்றன. நிகழ்ச்சி ஏன் நின்றது என்பது ஒன்று. பணம் யாருடையது என்பது மற்றொன்று. முதலாவதற்கு மழை, மரணம், விசா, கொள்ளைநோய் என்று எத்தனையோ விடைகள் உண்டு. இரண்டாவதற்கு ஒரே விடைதான். திரை விலகிப் பாட்டுத் தொடங்கும்வரை அந்தப் பணம் சீட்டு வாங்கியவனுடையது. ஏற்பாட்டாளர் அதைப் பொறுப்பில் வைத்திருப்பவர் மாத்திரமே.

நடைமுறை இதற்கு நேர்மாறானது. தென்னிந்தியக் கலைஞர் ஒருவரை அழைக்க வேண்டுமாயின் ஒப்பந்தம் கைச்சாத்தாகும்போதே ஊதியத்தில் பெரும்பகுதியை, பெரும்பாலும் பாதியை, முற்பணமாகக் கொடுக்க வேண்டும். மீதி அவர் மேடையேறுவதற்கு முன்னர் போய்ச்சேர்ந்துவிட வேண்டும். மண்டபத்துக்கு முற்பணம், வாத்தியக்குழுவினருக்கு விமானச்சீட்டு, விடுதி, ஒலி ஒளி அமைப்பு, விளம்பரம் என்று எல்லாச் செலவும் நிகழ்ச்சிக்கு முன்னரே வந்துவிடும். இவற்றுக்கு ஏற்பாட்டாளரிடம் சொந்த முதல் இருப்பது அரிது. முதல் வாரத்தில் விற்கப்பட்ட சீட்டின் பணம் இரண்டாவது வாரத்திலேயே சென்னைக்கோ மண்டப உரிமையாளருக்கோ போய்விடுகிறது. நிகழ்ச்சி நடந்தால் எல்லாம் நேராகும். நடக்காவிட்டால் திருப்பிக் கொடுப்பதற்குப் பெட்டியில் ஒன்றுமில்லை. ‘விரைவில் புதிய திகதி அறிவிக்கப்படும்’ என்பதன் பொருளை, பெரும்பாலான வேளைகளில், இந்த வெற்றுப் பெட்டியில்தான் தேட வேண்டும்.

ஏற்பாட்டாளர்கள் அனைவரையும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. புலம்பெயர் நாடுகளில் இந்த வேலையில் இறங்கியவர்களில் பலர் இசைப் பைத்தியங்கள். வீட்டை ஈடுவைத்து, உறவினரிடம் கடன் வாங்கி, ஒரேயொரு நிகழ்ச்சியுடன் நொடித்துப்போனவர்கள் அவர்களிலும் உண்டு. கலைஞருக்குக் கொடுத்த முற்பணம் திரும்பி வருமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அந்த ஒப்பந்தத்தை எழுதுபவர் பெரும்பாலும் கலைஞரின் முகவரே. எனினும், தம் கைக்காசைச் சூதில் வைப்பவரின் துணிச்சல் வேறு. ஊரார் தந்த பணத்தை வைத்துச் சூதாடுவது வேறு. உண்மையான மோசடி எப்படியிருக்கும் என்பதற்கு 2017 ஏப்ரலில் பஹாமாஸ் தீவில் ஃபயர் இசைவிழா என்ற பெயரில் நடந்த கூத்து இருக்கிறது. ஆயிரக்கணக்கான டொலர்களைக் கொட்டிப் போய் இறங்கியவர்களுக்கு இசையும் இல்லை, ஒழுங்கான கூரையும் இல்லை. அதன் சூத்திரதாரிக்கு 2018 இல் 6 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. எமது பிரச்சினை அவ்வளவு நாடகத்தனமானதன்று. இங்கே கூரையும் இருக்கும், கும்பிடும் கையும் இருக்கும், பணம் மட்டும் இராது.

பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நடைமுறையில் சிக்கலானது என்றொரு வாதமும் உண்டு. 2024 ஓகஸ்ட் 7 ஆம் திகதி, ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் தாக்குதல் சதியொன்று கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்து, டெய்லர் சுவிஃப்டின் மூன்று நிகழ்ச்சிகளும் முதல் நாளுக்கு முந்திய இரவில் ரத்துச் செய்யப்பட்டன. ஏறத்தாழ 2 இலட்சம் பேர் எதிர்பார்க்கப்பட்டிருந்தனர். 10 வேலை நாட்களுக்குள் சீட்டுப் பணம் தானாகவே திருப்பிச் செலுத்தப்படும் என்று ஏற்பாட்டாளர்கள் ரத்து அறிவித்தலிலேயே சொன்னார்கள். இவ்வளவு பெரிய தொகை, எத்தனையோ நாடுகளிலிருந்து வந்தவர்கள், ஆனாலும் அந்த ஒரு வரி அறிவித்தலில் இருந்தது. தமிழ்நாட்டிலும் 2025 ஜூலை 26 ஆம் திகதி நடக்கவிருந்த அனிருத்தின் நிகழ்ச்சி, எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கூட்டம் என்று கூறி ஒத்திவைக்கப்பட்டபோது, 7 முதல் 10 வேலை நாட்களில் பணம் திரும்பும் என்று அறிவிக்கப்பட்டது. ஆக, வழி இருக்கிறது. பணம் இருக்கிறதா என்பதே கேள்வி.

‘ரத்து’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘ஒத்திவைப்பு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வதில் எம்மவர்கள் மாத்திரம் தேர்ந்தவர்கள் அல்லர். 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றினால் உலகெங்கும் அரங்குகள் மூடப்பட்டபோது, அமெரிக்காவின் மிகப் பெரிய சீட்டு விற்பனை நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் தன் இணையத்தளத்து விதியொன்றின் வாசகத்தை மாற்றியது. ஒத்திவைக்கப்பட்டாலும் பணம் திரும்பும் என்ற பொருளில் இருந்த வாசகம், ரத்தானால் மாத்திரமே திரும்பும் என்று சுருங்கியது. பலத்த கண்டனம் எழுந்தது. ஜேர்மனியில் அதே ஆண்டு மே மாதம் சட்டமே வந்தது. மார்ச் 8 ஆம் திகதிக்கு முன்னர் வாங்கிய சீட்டுகளுக்குப் பணத்துக்குப் பதிலாகப் பற்றுச்சீட்டுக் கொடுக்கலாம், 2021 முடிவுவரை அதைப் பயன்படுத்தாதவர்கள் பின்னர் பணமாகக் கேட்கலாம் என்பது ஏற்பாடு. இத்தாலியிலும் பற்றுச்சீட்டு முறையே பின்பற்றப்பட்டது. அங்கே தம் நிகழ்ச்சிகள் ரத்தானபோது பீட்டில்ஸ் புகழ் போல் மக்கார்ட்னி இந்த முறையைக் கடுமையாகக் கண்டித்து, தம் இரசிகர்களுக்குப் பணம் பணமாகவே திரும்ப வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். எமது பாடகர்கள், இசையமைப்பாளர்கள் எவராவது அவ்வாறு ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். உடனடியாக ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை.

ஒத்திவைப்பு என்பது நேர்மையாகவும் நடக்கலாம். 2012 நவம்பர் 3 ஆம் திகதி ரொறன்ரோ றொஜர்ஸ் சென்டரில் நடைபெறவிருந்த இளையராஜாவின் நிகழ்ச்சி தள்ளிப்போயிற்று. மாவீரர் மாதமான நவம்பரில் வேண்டாம் என்ற குரல்களும் அதற்கு முன்னர் எழுந்திருந்தன. ஆனால் திகதி குறிக்கப்பட்டது. 2013 பெப்ரவரி 16 இல் நிகழ்ச்சியும் நடந்தது. குறித்த திகதியில் வரமுடிந்தவனுக்கு அது ஒத்திவைப்பு. வரமுடியாதவனுக்கு அது ரத்துத்தான், ஏனென்றால் பெப்ரவரியில் அவனுக்கு இரவு வேலையாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை ஏற்பாட்டாளர் தீர்மானிக்க முடியாது. சீட்டை வைத்திருப்பவனே தீர்மானிக்க வேண்டும்.

தெரிவு இரசிகனிடம் விடப்பட்டபோது என்ன நடந்தது என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2009 ஜூன் 25 ஆம் திகதி மைக்கல் ஜாக்சன் காலமானார். லண்டனில் அடுத்த மாதம் தொடங்கவிருந்த 50 நிகழ்ச்சிகளுக்கும் சீட்டுகள் விற்றுத் தீர்ந்திருந்தன. முழுப்பணத்தையும் திரும்பப் பெறலாம், அல்லது ஜாக்சனின் எண்ணப்படி வடிவமைக்கப்பட்ட சீட்டை நினைவுப்பொருளாகப் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். கணிசமானோர் சீட்டையே கேட்டனர். சீட்டை அனுப்பிப் பணத்தை வைத்துக்கொள்வது ஏற்பாட்டாளருக்கு நல்ல வியாபாரம் என்று அப்போது சிலர் ஏளனம் செய்தார்கள். இருக்கலாம். ஆனால் கேட்டுவிட்டுச் செய்தார்கள்.

இனி எமது சந்தைக்கு வருவோம். ஐரோப்பாவிலும் கனடாவிலும் தமிழ் நிகழ்ச்சிகளின் சீட்டுகள் நெடுங்காலம் தமிழ்க் கடைகளில்தான் விற்கப்பட்டன. இன்றும் பல இடங்களில் அப்படியே. முருங்கைக்காயும் மாசிக்கருவாடும் வாங்கப் போனவர் காசாளர் மேசையிலேயே நான்கு சீட்டுகளையும் ரொக்கமாக வாங்கிவருவார். விலைப்பட்டியல் இல்லை. சீட்டில் ஏற்பாட்டாளரின் முகவரி இல்லை, ஒரு கைத்தொலைபேசி இலக்கம் மட்டும். நிகழ்ச்சி நின்றால் அவர் முதலில் போய்ச் சண்டைபிடிப்பது கடைக்காரருடன். கடைக்காரரோ பணத்தை எப்போதோ கொடுத்துவிட்டேன் என்பார், அதுவும் உண்மையே. உணவகச் சமையலறையிலும் துப்புரவு வேலையிலும் மணித்தியாலக் கணக்கில் உழைக்கும் ஒருவர் மனைவி பிள்ளைகளுடன் ஒரு மாலைப்பொழுதுக்காக ஒதுக்கும் பணம் அது. நூறு யூரோவுக்காக வழக்கறிஞரிடம் எவரும் போவதில்லை. போகமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பணம் திரும்பினாலும் முழுதாகத் திரும்புவதில்லை என்பது இன்னொரு மனத்தாங்கல். பதிவுக் கட்டணம், சேவைக் கட்டணம், அனுப்புகைக் கட்டணம் என்று சீட்டின் விலையுடன் சேர்த்து வாங்கப்படுபவற்றில் ஒரு பகுதி பல நிறுவனங்களில் திரும்புவதில்லை. சேவையை நாம் செய்துவிட்டோம் என்பது அவர்கள் வாதம். நடக்காத நிகழ்ச்சிக்குச் சீட்டு விற்றதும் ஒரு சேவையாம். 2025 மே மாதம் முதல் அமெரிக்காவில் நேரடி நிகழ்ச்சிகளின் சீட்டு விலையை எல்லாக் கட்டணங்களையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. விலை வெளிப்படையாகியிருக்கிறது, கட்டணம் திரும்பும் என்று அந்த விதி சொல்லவில்லை. விமானச்சீட்டு, விடுதி பற்றியோ பேச்சே கிடையாது. வியன்னாவுக்குக் கடல்கடந்து போனவர்களுக்கும் அதே கதிதான். அந்த இழப்பை ஏற்பாட்டாளர் தலையில் சுமத்த முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நிகழ்ச்சி நடந்தும் நடக்காத கதைகளும் இருக்கின்றன. மழையால் தள்ளிப்போன ரஹ்மானின் நிகழ்ச்சி 2023 செப்டெம்பர் 10 ஆம் திகதி சென்னைக்கு வெளியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தபோது, செல்லுபடியான சீட்டுடன் வந்த பெருந்தொகையானோர் உள்ளே நுழைய முடியாமல் திரும்பினர். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் பட்ட பாட்டை உலகம் பார்த்தது. உள்ளே வரமுடியாதவர்கள் சீட்டின் பிரதியை அனுப்புமாறு ரஹ்மானே கேட்டுக்கொண்டார். ஏற்பாட்டாளர்கள் பொறுப்பேற்று மன்னிப்புக் கேட்டனர். ஐந்து மாதங்களின் பின்னர், 2024 பெப்ரவரி 9 ஆம் திகதி, யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் நிகழ்ச்சி. இதுவும் முந்திய டிசெம்பரிலிருந்து ஒத்திவைக்கப்பட்டதே. இலவசப் பகுதியில் நின்ற கூட்டம் தடுப்புகளை முறித்துக்கொண்டு கட்டணம் செலுத்தியவர்களின் பகுதிக்குள் புகுந்தது. நிகழ்ச்சி இடையில் தடைப்பட்டது. அதன்பின் எமது ஊடகங்களிலும் முகநூலிலும் நாட்கணக்கில் விவாதிக்கப்பட்டது யாழ்ப்பாணத்து இளைஞரின் ஒழுக்கம் பற்றியே. காசு கொடுத்து நாற்காலி வாங்கியவர் நாற்காலியில் ஏறிநின்றும் மேடையைக் காணாமல் போனாரே, அவருக்கு என்ன பதில் என்பது அந்த ஒழுக்க விசாரணையில் அடிபட்டுப்போயிற்று.

ஊடகங்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், கொழும்பில் நான் பணிபுரிந்த நாளிதழ் ஒன்றின் அலுவலகத்துக்கு வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். நிகழ்ச்சியொன்று மூன்றாவது தடவையாக ஒத்திவைக்கப்பட்டிருந்தது. ஐந்து சீட்டுகளை ஒரு பழைய உறையில் போட்டு, மூன்று அறிவித்தல்களையும் கத்தரித்துத் திகதி குறித்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்கள் பத்திரிகையில் வெளியான அறிவித்தல்கள்தாம். “தம்பி, இதைப் போட்டது நீங்கள். காசு எங்கே எண்டும் நீங்கள்தானே கேட்கவேணும்?” என்றார். நான் செய்தியாக எழுதிக் கொடுத்தேன். அந்த நிகழ்ச்சிக்கு எமது நிறுவனம் ஊடக அனுசரணை என்று விளம்பரப் பகுதியிலிருந்து சொன்னார்கள். செய்தி ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதிக்குப் போய், அங்கே ஏழு வரிகளாக, ஏற்பாட்டாளரின் பெயரில்லாமல் வெளியாயிற்று.

ஊடக அனுசரணை என்பது என்ன? பத்திரிகையோ வானொலியோ தொலைக்காட்சியோ விளம்பரத்தை இலவசமாகவோ குறைந்த விலையிலோ கொடுத்து, பதிலுக்குப் பதாகையில் தன் இலச்சினையையும் முன்வரிசை நாற்காலிகளையும் பெற்றுக்கொள்வது. வியாபாரத்தில் அது தவறன்று. ஆனால் இலச்சினையைப் பார்த்து, இவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்றால் நம்பலாம் என்று சீட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை விற்றவர்களே, நிகழ்ச்சி நின்றதும் வாய்மூடிப் போகிறார்கள். புலம்பெயர் வானொலிகளில் நிகழ்ச்சிக்கு முந்திய ஒரு மாதம் மணிக்கொரு தடவை ஒலிக்கும் குரல், அதன்பின் ஒரு தடவையாவது ‘பணத்தை இன்ன இடத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒலிப்பது எத்தனை பேரின் காதில் விழுந்திருக்கிறது?

இலங்கையைப் பொறுத்தவரை வழி கண்ணெதிரிலேயே இருக்கிறது. கட்டணக் களியாட்ட நிகழ்ச்சிகளுக்கு உள்ளூராட்சி மன்றங்கள் வரி அறவிடுகின்றன. அதற்காகச் சீட்டுகள் மன்றத்தின் முத்திரையைப் பெறவேண்டியிருக்கிறது. ஆக, எத்தனை சீட்டுகள், என்ன விலை என்பதெல்லாம் ஒரு அரச அலுவலகத்துக்குத் தெரியும். தன் வரியை முன்கூட்டியே பாதுகாத்துக்கொள்ளும் மன்றம், அந்தச் சீட்டை வாங்குபவனின் பணத்துக்கும் ஒரு வங்கி உத்தரவாதத்தைக் கேட்கக்கூடாதா? குறைந்தது விற்பனைப் பணத்தில் பாதியாவது தனிக் கணக்கில், நிகழ்ச்சி முடியும்வரை கைவைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போதும். சொந்த முதலின்றி நிகழ்ச்சி நடத்துபவர்கள் குறைந்துபோவார்கள் என்பார்கள். போகட்டும். வருடத்துக்குப் பத்து நிகழ்ச்சிகளுக்குப் பதிலாக ஆறு நடந்தால் இசைக்கு ஒன்றும் கேடு வந்துவிடாது.

அதுவரை, சீட்டு வாங்குபவர்கள் சிலவற்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பிரித்தானியாவில் இருப்பவர்கள் கடனட்டையில் வாங்கினால், ஒரு சீட்டின் விலை 100 பவுணுக்கு மேற்பட்டதாயின், 1974 ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. ஏற்பாட்டாளரிடம் நேரடியாக வாங்கும்போது இது தெளிவாகப் பொருந்தும். இடைத்தரகரிடம் வாங்கினால் சிக்கலாகலாம். 100 பவுணுக்குக் குறைந்த தொகைக்கும் வங்கியிடம் பணத்தை மீளக்கோரும் முறை இருக்கிறது. கடையில் ரொக்கமாகக் கொடுத்தால் இவை ஒன்றும் இல்லை. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் எழுத்துமூலம் முறையிடலாம். முறைப்பாட்டுக்குச் சட்டத்தில் குறிக்கப்பட்டுள்ள காலம் மூன்று மாதங்கள். புதிய திகதி விரைவில் என்ற அறிவித்தலை நம்பிக் காத்திருப்பவருக்கு இந்த மூன்று மாதங்கள் எப்படிக் கழிந்துபோகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. முதலாவது அறிவித்தல் வெளியான அன்றே அதைக் கத்தரித்து, சீட்டின் இரு பக்கங்களையும் படம்பிடித்து, ஏற்பாட்டாளருக்கு ஒரு பதிவுத்தபாலை அனுப்பி, அதன் பற்றுச்சீட்டையும் ஒரு பழைய உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.